மதிலுக்கு வெளியே மூன்று சஹன்

ஷஹீமாவுக்கும் ரிஸ்கானுக்கும் சொந்தமாக ஒரு வீடு இருந்தது. அது பூமியில் இல்லை என்பதைத் தவிர அந்த வீட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி, பின்னால் ஏலக்காய்ப் பாத்தி, மேற்கே பார்த்த ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு அப்பால் கடல். தெஹிவளையில் அப்படி ஒரு வீட்டை விசாரித்தால் தரகர் முதலில் உங்களை உட்காரச் சொல்வார். விலையைப் பிறகுதான் சொல்வார்.

நிக்காஹ் முடிந்து, விரலில் மருதோன்றிச் சிவப்பு மங்குவதற்குள் ரிஸ்கான் கட்டாருக்குப் போய்விட்டான். தோஹாவில் ஏசி பழுது பார்க்கும் வேலை. ஷஹீமா வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கையின் மூன்றாம் மாடியில், ரிஸ்கானின் உம்மா ஸைனம்பு மாமியோடு தங்கினாள். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து குடித்தனம் நடத்த ஓரிடம் வேண்டுமே. கணினியில் ஒரு விளையாட்டுக்குள் போய்க் கட்டினார்கள்.

அந்த விளையாட்டு இப்படி. யாருமற்ற ஒரு கிரகத்தில் நாலு பேர் வந்து விழுகிறார்கள். மரம் வெட்டி, பயிரிட்டு, சுவர் எழுப்பிப் பிழைக்க வேண்டும். வாரத்துக்கொரு முறை வியாபாரிகள் வருவார்கள். இடைக்கிடை கொள்ளைக் கூட்டம் வரும், தடுக்க வேண்டும். ஆளுக்கொரு நாட்டில் இருந்துகொண்டு இரண்டு பேர் ஒரே குடியிருப்பை நடத்தலாம். நாலு பேரில் ஒருத்தி ஷஹீமா, ஒருத்தன் ரிஸ்கான். மூன்றாமவர் சமையற்காரர். நாலாமவன் எந்த வேலைக்கும் உடம்பு வளையாதவன். கல்யாண வீட்டில் எப்படியும் ஒருவன் அப்படி இருப்பான் என்பதால் ஷஹீமா அவனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆரம்பத்தில் ரிஸ்கான் ஒரு வீரம் பேசினான். வீடு விழுந்தால் விளையாட்டு மொத்தமாக அழிந்துபோகும் என்ற விதியைத் தெரிவு செய்தான். "அப்பத்தான் ஒரு பயம் ஈக்கும்" என்றான். இப்போது அந்தப் பயம் இருவருக்கும் தாராளமாக இருந்தது. ஒவ்வொரு கல்லாய் அடுக்கிய வீடு. ஜன்னல் எந்தப் பக்கம் என்று மூன்று வெள்ளிக்கிழமை சண்டை பிடித்த வீடு. அது போனால், இருவரும் சேர்ந்து இருந்த இடம் என்று சொல்ல உலகத்தில் வேறெதுவும் இல்லை.

சேர்ந்து இருந்த என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். காவல் வேண்டுமல்லவா? இரவில் அவன் கோபுரத்தில், பகலில் அவள் மதிலில். அவன் வந்து படுக்கும்போது அவள் எழும்பிப் போவாள். இரட்டைக் கட்டிலின் இரண்டு பக்கத்தில் ஏதாவதொன்று எப்போதும் வெறுமையாகவே கிடந்தது.

அந்தக் கிரகத்தைப் பற்றி ஒன்றிரண்டு செய்தி சொல்ல வேண்டும். அங்கே வீசுவது வெள்ளவத்தைக் காற்றுத்தான். மூன்றாம் மாடி ஜன்னல் கம்பி துருப்பிடித்த வாரமே கோபுரத்துத் துப்பாக்கியும் துருப்பிடித்தது. ஷஹீமா இரண்டுக்கும் தேங்காயெண்ணெய் போட்டாள். கீழே கடலோரத் தண்டவாளத்தில் ரயில் போகும்போது, கொள்ளைக்காரர்கள் ஓடி வந்த வேகத்தில் அப்படியே நின்று, அது போன பிறகுதான் மேற்கொண்டு வருவார்கள். கணினி தடக்கியிருக்கும் என்று ரிஸ்கான் சொல்வான். ரயில்வே கடவையில் நிற்கும் நல்ல பழக்கம் சிலருக்கு இருக்கிறது என்றுதான் ஷஹீமா நினைத்தாள்.

முதலில் மதிலை முழுதாக அடைக்கச் சொன்னவர் மேல்மாடி நாகேந்திரம். யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய கதவுக்கு முன்னால் ஓர் இரும்புக் கதவு, அதற்கு முன்னால் ஒரு சங்கிலி, எல்லாவற்றுக்கும் மேலாக அவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு கொக்கி. தண்ணீர் மோட்டார் விஷயமாகக் கதைக்க வந்தவர் திரையைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனார்.

"உதென்ன பிள்ளை, மதிலுக்கு நடுவில உப்பிடி ஒரு ஓட்டை?"

"வாசல் அங்கிள்."

"வாசல் ஏன்? வாசல் இருந்தா ஆரும் வருவினம். பூட்டுங்கோ. சுத்திவர அடைச்சுப் போட்டு நிம்மதியாப் படுங்கோ."

ஷஹீமா அடைத்தாள். அடுத்த கூட்டம் வந்து மதிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. வழி இல்லை. வழி இல்லாத இடத்தில் எல்லாச் சுவரும் வழிதான். குசினிச் சுவரை உடைத்து, ஏலக்காய்ப் பாத்தியை மிதித்து, ஓர் அறையைக் கொளுத்திவிட்டுத்தான் ஓடினார்கள். அன்றைக்கு வீடு மயிரிழையில் தப்பியது. நாகேந்திரம் வந்து பார்த்து, "கொக்கி போட்டனீங்களோ?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு அந்த விளையாட்டின் புத்தி பிடிபட்டது. திறந்த வழி ஒன்றே ஒன்று இருந்தால், அது எவ்வளவு நீளமானாலும், வருகிறவர்கள் எல்லாரும் அதாலேயே வருவார்கள். ரிஸ்கான் அதை வைத்து கில் பொக்ஸ் என்ற ஒரு கொலைப்பொறி கட்டினான். வளைந்து வளைந்து போகும் ஒடுக்கமான சந்து, இரண்டு பக்கமும் மண்மூட்டை, தரையில் முள், முடிவில் கோபுரம், கோபுரத்தில் பெரிய துப்பாக்கியோடு அவன். உள்ளே வந்தவன் வெளியே போக முடியாது. சந்தின் வாய்ப்பக்கத்தை மட்டும் ஷஹீமாவின் பொறுப்பில் விட்டான்.

காலி வீதி என்ற பெரிய தெருவில் இருந்த ஒரு கல்யாண மண்டபத்தில் ஷஹீமாவுக்கு வேலை. யார் எதால் வருவது, செருப்பை எங்கே கழற்றுவது, கையை எங்கே கழுவுவது, எந்த சஹனில் யார் இருப்பது, எல்லாம் அவள் ஏற்பாடு. சஹன் என்றால் ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கை வைத்துத் தின்னும் பெரிய தட்டு. ஐந்து பேர் இருந்தால் ஆறாவது ஆள் வரும்வரை பிரியாணிக்கு மேல் கை போகாது. முன்னூறு பேரை ஒரு வாசலால் எடுத்து, ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் இருத்தி எழுப்புகிறவளுக்கு ஒரு சந்தின் வாயை அலங்கரிப்பது பெரிய வேலையா?

மறுநாள் தோஹாவில் இருந்து விளையாட்டுக்குள் வந்த ரிஸ்கான் சந்தின் வாயைக் கண்டதும் தொலைபேசியை எடுத்தான்.

"ஷஹீமா, கில் பொக்ஸுக்கு முன்னால என்ன ஈக்கி?"

"சாப்பாட்டுத் தளம். மூணு சஹன் போட்டீக்கி."

"மதிலுக்கு வெளியவா?"

"பின்ன? வார ஆம்புளயள உள்வீட்டுக்குள்ளயா கூட்டிக்கொண்டு போற? அவங்களுக்கு முன்பக்கம் தானே போடுற."

"வாரது கள்ளன்!"

"கள்ளன் எப்பயாச்சும் ஒருக்கா வார. வேவாரிமார் கிழமைக்கிக் கிழமை வார."

அதோடு போகவில்லை. விருந்து மேசைக்கு அந்த விளையாட்டில் ஒரு தெரிவு உண்டு: இருக்கை எல்லாம் நிரம்பினால்தான் சாப்பாடு தொடங்கும். சஹனாயிற்றே என்று ஷஹீமா அதைப் போட்டுவிட்டிருந்தாள். குடியிருப்பில் இருந்ததோ நாலு பேர். அவர்கள் பசித்து வந்து, கையைக் கழுவி, ஆவி பறக்கும் சோற்றைச் சுற்றி உட்கார்ந்து, வராத இரண்டு பேருக்காகக் காத்திருந்தார்கள். தொடவில்லை. வேலைக்கு வளையாதவன் அப்படியே சஹன் ஓரத்தில் மயங்கிச் சரிந்தான்.

"நாலு பேருக்கு என்னத்துக்கு ஆறு பேர் மேச?" என்று ரிஸ்கான் கத்தினான்.

"சஹன் எண்டா ஆறு. அத நாலாக்க ஏலாது."

சமாதானம் இப்படி வந்தது: வீட்டு ஆள்கள் குசினியில் தின்பது, முன் சஹன் வருகிறவர்களுக்கு. பிறகு ரிஸ்கான் யோசித்துப் பார்த்து, குரலைத் தணித்துச் சொன்னான்:

"ஒரு வகையில நல்ல ஐடியாதான். கள்ளனுவள் சோத்தக் கண்டு நிப்பானுவள். மேலேருந்து வசதியாச் சுடலாம்."

"நான் அதுக்குப் போடல்ல."

"எதுக்குப் போட்டா என்ன, வேல நடந்தாச் சரி."

அன்றைக்குத் தொலைபேசியை அவள்தான் முதலில் வைத்தாள்.

பெரிய கூட்டம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. மண்டபத்தில் அன்று கல்யாணம் இல்லை. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம். கடல் வெயிலில் உருகி அசையாமல் கிடந்தது. மாமி கதிரையில் சாய்ந்து, தூக்கமும் விழிப்புமாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோஹாவில் அப்போது பகல் சாப்பாட்டு நேரம். அறையில் மற்றவர்கள் எல்லாம் வெளியே போயிருக்க, ரிஸ்கான் ஒரு குப்பூஸ் ரொட்டியையும் பருப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோபுரத்தில் ஏறியிருந்தான்.

தூரத்துப் புல்வெளியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தார்கள். பதினேழு பேர். அந்தக் குடியிருப்பு அதுவரை கண்டிராத கூட்டம். முன்னால் வந்த தலைவன் கோடாரியை ஊன்றி ஊன்றி நடந்தான். இரண்டு காலும் வீங்கியிருந்தன.

"எவ்வளவு தூரத்துல ஈந்து வார இதுகள்?" என்றார் மாமி. "மொகத்தப் பாரு, கருகிப் போய் ஈக்கி. தின்னீக்குமா?"

"மாமி, இது கொள்ளக்காரங்க."

"கொள்ளக்காரனுக்கு வயிறு இல்லயா?"

கூட்டம் சந்தின் வாய்க்கு வந்தது. அங்கே செருப்புக் கழற்ற ஷஹீமா ஒரு திண்ணை கட்டியிருந்தாள். அவர்கள் செருப்பில்லாமல் வந்தவர்கள். கழற்ற வேறொன்றும் இல்லாததால் கோடாரிகளை வரிசையாக அதில் வைத்தார்கள். கைகழுவும் இடத்தில் தண்ணீர் இருந்தது. கழுவினார்கள். சமையற்காரர் நெய்ச்சோற்றையும் கோழியையும் கொண்டுவந்து வைத்தார். முதல் சஹனில் ஆறு பேர் உட்கார்ந்தார்கள். இரண்டாவதில் ஆறு பேர்.

இந்த விளையாட்டை எழுதியவர்களிடம் போய்க் கேட்டால் அப்படி நடக்கவே வாய்ப்பில்லை என்று சத்தியம் செய்வார்கள். அவர்கள் ஏதோ குளிர்நாட்டுக்காரர்கள். அங்கே விருந்தென்றால் ஆளுக்கொரு தட்டாம். அவர்களுடைய பேச்சை இந்த விஷயத்தில் எடுக்க முடியாது.

பன்னிரண்டு பேரும் தின்றார்கள். தின்றவர்களின் கண் சொருகியது. மூன்றாம் சஹனில்தான் பிரச்சினை. அதில் தலைவனோடு சேர்த்து ஐந்து பேர். கழுவிய கை காய்ந்துகொண்டிருந்தது. சோற்றில் ஆவி எழுந்து, வளைந்து, கடல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. ஐவரும் அதையே பார்த்தபடி அசையாமல் இருந்தார்கள். தலைவனின் தலைக்கு மேல், மனநிலையைக் காட்டும் கோடு இறங்கத் தொடங்கியது. அது அடியைத் தொட்டால் வெறி பிடிக்கும். கோடாரி எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"எல்லாரும் எனக்கு நேரா ஈக்குறானுவள்" என்றான் ரிஸ்கான் தொலைபேசியில். "ஒரு அமுக்குத்தான். முடிஞ்சி."

"வேணாம்."

"ஷஹீமா, அவன் எழும்பினா எங்கட வீடு போச்சி. மொத்தமாப் போச்சி. வெளங்குதா?"

"வெளங்குது. அவருக்கு ஆறாவது ஆள் இல்ல. அதுதான் கோவம்."

"அதுக்கு?"

"என்ட சஹன்ல கை கழுவி உக்காந்த ஆள நீங்க சுட்டா, அதுக்குப் பொறகு அந்த வீட்டுல நான் எப்பிடி இருக்குற?"

தலைவனின் கோடு இன்னும் கொஞ்சம் இறங்கியது. யாராவது ஒருவர் போய் அந்த இடத்தில் உட்கார வேண்டும். பரிமாறுகிறவர் உட்கார முடியாது. வேலைக்கு வளையாதவன் கூட்டத்தைக் கண்டதுமே அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டான். ஷஹீமா தன் ஆளை எடுத்து மதிலில் இருந்து இறக்கினாள். வாசல் பக்கம் நடத்தினாள்.

கதிரையில் சாய்ந்திருந்த மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க போற நீ?"

"ஆறாவது ஆளா, மாமி."

"அன்னிய ஆம்புளயள்ற சஹன்லயா? என்ட வீட்டு மருமகளா? நல்லா ஈக்கி! ஊரு என்ன செல்லும்?"

"மாமி, அந்தக் கிரகத்துல ஊரே இல்ல."

"பதினேழு பேர் குந்தி ஈக்குறானுவள், ஊர் இல்லண்டு செல்ற. ஃபோன இங்க தா." மாமி தொலைபேசியைப் பிடுங்கினார். "டேய் ரிஸ்கான், ஒன்ட வீட்டுக்கு ஆள்கள் வந்து காத்துக்கொண்டு ஈக்கி. ஆம்புள நீ கூரைல ஏறி என்ன செய்ற? எறங்குடா கீழ!"

"உம்மா, எறங்கினா என்னய வெட்டிப் போடுவானுவள்."

"கை கழுவிட்டு எவன்டா வெட்டுவான்? திரும்பக் கழுவ வேணுமே."

கோபுரம் ரிஸ்கான் மாதக்கணக்காக இரும்பு சேர்த்துக் கட்டியது. அந்தத் துப்பாக்கிக்குப் பின்னால் நிற்கும்வரை அவனுக்குத் தோல்வி தெரியாது. இறங்கினால் அது வெறும் இரும்பு. அவன் வெட்டுப்பட்டால் தடுக்க ஆளில்லை. வீடும் விளையாட்டும் அதோடு அழிந்துபோகும். தொலைபேசியைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டு ஷஹீமா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவனின் கோட்டில் ஒரு மயிரளவுதான் மிச்சம்.

கோபுரத்துச் சிறு உருவம் அசைந்தது. துப்பாக்கியை விட்டது. படியால் இறங்கி, தன் கையாலேயே வளைத்து வளைத்துக் கட்டிய சந்துக்குள்ளால், முள்ளுக்கு முள் விலகி, வெகுநேரம் நடந்தது. கொலை செய்யக் கட்டிய சந்து என்பதால் சீக்கிரம் வந்து சேர வழியே இல்லை. தலைவன் அவன் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வந்து, கையைக் கழுவி, தலைவனுக்கும் இன்னொருவனுக்கும் நடுவில் இருந்த வெறும் இடத்தில் ரிஸ்கான் உட்கார்ந்தான்.

ஆறு கை ஒன்றாகச் சோற்றுக்குள் போனது.

திரையில் சாப்பிடும் சத்தம் மட்டும் மெதுவாகக் கேட்டது. கோடு ஏறத் தொடங்கியது. தலைவன் கோழியில் நல்ல துண்டைப் பிய்த்து ரிஸ்கான் பக்கம் தள்ளி வைத்தான். ஜன்னலுக்கு வெளியே கடல் எது, வானம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு வெளிச்சம்.

"ஷஹீமா" என்றான் ரிஸ்கான், கனவில் கதைக்கிறவன் போல. "எனக்கிட்ட ஈக்குறது குப்பூஸும் பருப்பும். ஆனா கையில நெய்ச்சோத்து வாசம் வருது."

மாமி திரைக்குக் கிட்டே குனிந்து மூக்கை உறிஞ்சினார். "ஏலக்கா கொஞ்சம் கூடிப்போச்சி" என்றார். மறுபடி சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசி இனிப்பான வட்டலப்பமும் தின்று முடிந்த பிறகு திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. வந்தவர்கள் இங்கேயே தங்க விரும்புகிறார்கள், சம்மதமா?

"பதினேழு பேர்! இல்லண்டு அமுக்குங்க" என்றான் ரிஸ்கான்.

"அந்தக் கால வெச்சிக்கொண்டு எங்க போற அந்த மனிசன்?" என்றாள் ஷஹீமா. சம்மதத்தை அமுக்கினாள்.

அந்த வீடு இப்படித்தான் தப்பியது. ஒரு கல் அசையவில்லை, ஒரு சுவர் கருகவில்லை. ஆனால் வீடு தப்பியதே ஒழிய வீட்டுக்குள் இடம் தப்பவில்லை. தலைவன் காலைத் தூக்கி வைக்க வசதியான இடம் தேடி நேரே போய் இரட்டைக் கட்டிலில் படுத்தான். இரண்டாம் அறையில் ஐந்து பேர். குசினியில் ஆறு. ஏலக்காய்ப் பாத்தி ஓரத்தில் ஒருவன். மிச்சப் பேர் சந்துக்குள் மண்மூட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு சுருண்டார்கள்.

"என்ட கில் பொக்ஸுல கொறட்ட விடுறானுவள்" என்று ரிஸ்கான் முறைப்பட்டான்.

"முள்ளக் கொஞ்சம் தள்ளி வெய்ங்க. பொரளும்போது குத்தும்."

அவன் தள்ளி வைத்தான். தள்ளி வைத்துக்கொண்டே கேட்டான்: "இண்டைக்கி ராவைக்குக் காவல் யார்?"

ஷஹீமா காவல் பட்டியலைத் திறந்தாள். இரவுக்கு அவன், பகலுக்கு அவள். யாரிடமிருந்து காப்பது என்று யோசித்தாள். அந்தக் கிரகத்தில் இருந்த கொள்ளைக்காரர்கள் அத்தனை பேரும் வயிறு நிறைந்து இவர்கள் கூரைக்குக் கீழேதான் கிடந்தார்கள். இரண்டு பெயரையும் எடுத்துவிட்டாள்.

விளையாட்டில் அந்தி சாய்ந்தது. கீழே இடமில்லாத சின்ன உருவங்கள் இரண்டும் ஆளுக்கொரு பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறின. பாயைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தன. அவன் படுத்தான். அவளும் படுத்தாள். வீடு கட்டிய நாளில் இருந்து முதல் தடவையாக இரண்டு பேரின் தலைக்கு மேலும் ஒரே நேரத்தில் தூங்குகிற அடையாளம் வந்தது.

இருவரும் தொலைபேசியைக் காதில் வைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் மாடியில் காற்று வீசியது. திரையில் புல் சாய்ந்தது. எது எதனால் என்று ஷஹீமா பார்க்கவில்லை.

"ஷஹீமா" என்றான் ரிஸ்கான். அந்த வீட்டில் இருந்துகொண்டு அவளிடம் சொல்ல அவனுக்கு நிறைய இருந்தது போலிருக்கிறது. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"மெதுவாக் கதைங்க" என்றாள் அவள், வாயைப் பொத்திக்கொண்டு. "கீழ ஆள்கள் தூங்குற."

தோஹாவில் அவன் உடனே குரலைத் தாழ்த்தினான்.